உதைபந்தா, அமெரிக்கன் ஃபுட்போலா? வன்னி மண்ணில் வைத்து ஓர் அலசல்

ஓகஸ்டில் மடுத் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வரும் ரொறன்ரோப் பிள்ளைகளின் பெட்டிக்குள் சிலவேளை ஒரு நீள்வட்டப் பந்தும் இருக்கும். "கையால எறியிற சாமானுக்கு ஏன் ஃபுட்போல் எண்டு பேர்?" என்ற கேள்வியோடு வாசிகசாலைத் திண்ணையில் விவாதம் தொடங்கிவிடும். பெயர்ச் சண்டையில் ஒன்றுமில்லை. இரண்டு ஆட்டமும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பாடசாலை மைதானங்களில் இருந்து கிளை பிரிந்தவை. தாய்வீட்டு அளவு இரண்டிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஃப்ரீகிக் அடிக்கும்போது எதிரணிச் சுவர் தள்ளி நிற்கவேண்டிய 9.15 மீற்றரும், அமெரிக்க ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணி 4 முயற்சிக்குள் முன்னேறிக் கடக்கவேண்டிய 10 யார் (கெஜம்) தூரமும் ஒன்றுதான்.

பார்ப்பதற்கு எது நல்லது என்று கேட்டால் என் தெரிவு உதைபந்தாட்டம். உலகம் முழுக்க ஆடுகிறார்கள், விதி சுலபம் என்ற காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை இங்கே நீட்டவில்லை. அமெரிக்க ஆட்டத்தை "முட்டி மோதுற விளையாட்டு" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் இருக்கும் மூளை வேலை வன்னிக்காரருக்குப் புதிதில்லை.

கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். குறுக்குக் கோட்டில் மறித்து நிற்பவரை வெறும் வேகத்தால் தாண்ட முடியாது. ஒருவர் இடப்பக்கம் போக்குக் காட்டுவார், மறிப்பவர் அந்தப் பக்கம் சாய்வார், மற்றவர் வலப்பக்கத்தால் அடுத்த தட்டுக்குள் புகுந்துவிடுவார். நடுக்கோட்டில் ஓடும் கிளி அந்த நேரம் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் எந்த நொடியில் பாய்வது என்று தீர்மானிப்பார்கள். அமெரிக்க ஆட்டத்தில் அணியை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக் செய்வதும் இதே வேலை. பந்தை ஓடுபவரின் வயிற்றில் வைப்பதுபோலக் காட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வார். ஓட்டத்தை மறிக்கவென்று எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் இரண்டு எட்டு முன்னே வந்துவிட்டால் போதும், அவருடைய முதுகுக்குப் பின்னால் திறந்த வெளிக்குப் பந்து பறக்கும். அந்த இரண்டு எட்டுக்காகத்தான் வாரம் முழுக்கப் பயிற்சி.

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காமல் போவதற்குக் காரணம், கண் பந்தையே துரத்துவதுதான். பந்து பின்னுக்கு எடுக்கப்படும் முதல் நொடியில் பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நிற்கும் தடித்த ஐந்து பேரைப் பாருங்கள். அவர்கள் முன்னே பாய்ந்து தள்ளினால் பெரும்பாலும் ஓட்டம். நிமிர்ந்து பின்வாங்கினால் எறிதல் வரப்போகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒரு கால்பகுதிக்குள் ஆட்டம் பிடிபடும். எதிரணி முனையில் உள்ள எல்லைப் பெட்டிக்குள் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுனுக்கு 6 புள்ளி, அதன் பின் உதைத்தால் 1, மறுபடி ஓடியோ எறிந்தோ உள்ளே கொண்டுபோனால் 2, கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கள உதைக்கு 3. மீதியைப் பார்த்துப் பார்த்துப் பழகலாம். கனடாவில் இருந்து வருபவர்களோடு வாதாடும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. அவர்களுடைய நாட்டு ஆட்டத்தில் முயற்சி 3, ஆட்கள் 12 பேர். பாதிச் சண்டை இந்த வித்தியாசம் தெரியாமல் வருவது.

ஆட்டத்தின் ஓட்டத்தைப் பார்த்தால் தராசு உதைபந்தாட்டத்தின் பக்கம் சாய்கிறது. அமெரிக்க ஆட்டத்தின் கடிகாரம் 60 நிமிடம், ஒளிபரப்பு 3 மணித்தியாலத்துக்கு மேல். பந்து எடுத்ததில் இருந்து நிற்கும்வரை ஒரு அசைவு 5 விநாடி அளவில் முடிந்துவிடும், அடுத்ததைத் தொடங்க 40 விநாடி அவகாசம் உண்டு. ஒரு போட்டியில் 120, 130 அசைவுகள் என்று வைத்துப் பெருக்கினால் பந்து உயிரோடு இருப்பது 10 நிமிடம் சொச்சம். அதையே அழகு என்பார்கள் அதன் ரசிகர்கள்: ஒவ்வொரு இடைவெளியிலும் அடுத்த நகர்வை ஊகிக்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடலாம். அந்த வாதம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அதை இரவு பதினொரு மணிக்குப் போன் திரையில், டேட்டா கரையக் கரைய, விளம்பரங்களுக்கு நடுவே செய்வது வேறு கதை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கும் போட்டி எங்களுக்கு இரவு 10.30, நவம்பரில் அவர்கள் நேரத்தை மாற்றிய பிறகு 11.30. இறுதிப் போட்டியான சூப்பர் போல் திங்கட்கிழமை விடிய 5 மணிக்கு. இங்கிலாந்துச் சனிக்கிழமைப் போட்டியோ எங்களுக்கு 7.30க்கோ 8.30க்கோ வந்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் பார்த்து முடித்துப் படுக்கலாம். (சாம்பியன்ஸ் லீக்குக்கு இந்த வசதி கிடையாது, அது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான்.)

உதைபந்தாட்டமும் சுத்தத் தங்கமில்லை. 90 நிமிடப் போட்டியில் பந்து உண்மையில் ஓடுவது ஒரு மணித்தியாலத்தைத் தொடுவது அரிது. முன்னிலையில் இருக்கும் அணி விழுந்து புரண்டு நேரம் கடத்துவதைப் பார்க்கையில் 40 விநாடிக் கடிகாரம் நல்ல ஏற்பாடாகவே படும். 2026 உலகக் கிண்ணத்துக்கு ஒவ்வொரு பாதியிலும் 3 நிமிட நீரருந்தும் இடைவேளை என்று ஃபீஃபா அறிவித்தது. அந்த வழியில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும்.

இவ்வளவும் ஒரு புறம். தெரிவைத் தீர்மானிக்கும் விடயம் என்று நான் நினைப்பது நிலத்தில் போடும் கோடுகளைத்தான்.

100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் உள்ள ஓர் உதைபந்து மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கோடு, நடுக்கோடு, நடுவட்டம், இரண்டு பெனால்டிப் பெட்டி, அவற்றுக்குள் இரண்டு சின்னப் பெட்டி, பெட்டிக்கு வெளியே இரண்டு வளைவு. எல்லாவற்றையும் கூட்டினால் 690 மீற்றர் அளவு வரும். அமெரிக்க மைதானம் பரப்பில் இதைவிடச் சிறியது, 109.7 மீற்றருக்கு 48.8 மீற்றர். ஆனால் 5 யாருக்கு ஒரு குறுக்குக் கோடு வீதம் 21 கோடு போடவேண்டும். அதுவே 1,025 மீற்றர். சுற்றையும் சேர்த்தால் 1,340. ஒவ்வொரு யாருக்கும் இடவேண்டிய சிறு குறிகளை இன்னும் எண்ணவில்லை. அதாவது சுண்ணாம்பு இரண்டு மடங்கு, ஆள் வேலை இரண்டு மடங்குக்கும் மேல்.

வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கோடு போடுவதில் நேரம் தின்பது தூவுவது இல்லை, அளப்பது. நைலோன் கயிறு இழுக்க இழுக்க நீளும் என்பதால் காலையில் கட்டிய கயிற்றை வெயில் ஏறியதும் மறுபடி அளக்கவேண்டும். மூலை மட்டம் பிடிக்க 3, 4, 5 மீற்றர் முக்கோணம் போடவேண்டும். சுண்ணாம்பு முழுதாக நீறியிருக்கவேண்டும். நீறாததைத் தூவினால் விழுந்து எழும்பும் பிள்ளையின் முழங்காலில் வியர்வையோடு சேர்ந்து பொள்ளிவிடும். இவ்வளவையும் செய்து முடித்த இரவு மாரிமழை ஒன்று கொட்டினால் விடிய வெறும் சேறு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வன்னியில் இது வாராவாரம் நடக்கும்.

உதைபந்தாட்டம் அந்தச் சேற்றிலும் நடக்கும். நடுவட்டம் அழிந்தால் நடுவர் கையைக் காட்டி "இதுக்குள்ள வராத" என்பார். பெட்டிக்கோடு மங்கினால் இரண்டு மூலையிலும் தடி நட்டுச் சமாளிப்பார்கள். அரிவு வெட்டிய வயலில் இரண்டு சோடிச் செருப்புத்தான் கோல் கம்பம். அந்த ஆட்டத்தில் பெரிய சண்டையை மூட்டும் கோடு, ஓஃப்சைட் கோடு, நிலத்தில் கீறப்படுவதே இல்லை. எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளோடு சேர்ந்து அது எதிரணியின் பாதி முழுக்க நடந்து திரியும். அமெரிக்க ஆட்டத்தில் கோடு அழிந்தால் ஆட்டமே அழிந்தது. நாலாவது முயற்சியில் பந்து 10 யாரைக் கடந்ததா, அரை அடி குறைந்ததா என்பதில்தான் மூச்சே இருக்கிறது. இரண்டு தடிக்கு நடுவே 10 யார்ச் சங்கிலி பிடித்து அளப்பது அதற்காகத்தான். கோடு சரிந்திருந்தால் சங்கிலி இருந்தும் பயனில்லை.

பார்ப்பதற்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தான் ஆடிப்பார்த்த ஆட்டத்தைப் பார்ப்பவருக்குக் கண் வேறு மாதிரி வேலை செய்யும். இடக்கால்காரர் வலப்பக்கத்தால் உள்ளே வெட்டி வரும்போது, பந்து காலை விட்டுப் போகுமுன்பே திண்ணையில் இருப்பவர் எழும்பிவிடுவார், ஏனென்றால் அந்தக் கோணம் அவருடைய காலுக்குத் தெரியும். அமெரிக்க ஆட்டத்துக்கு அப்படி எழும்ப ஊரில் ஆளில்லை. ஆடுவதற்கு நிலம் தயாராவதே இல்லை என்பதால்.

கவசமும் இதே கணக்குத்தான். பக்கத்துக்கு 11 பேராக இரண்டு அணி களத்தில் இறங்கவே 22 தலைக்கவசம், 22 தோள்கவசம் வேண்டும். தலைக்கவசம் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் இறுகி நிற்கவேண்டும். ஒருவருடையதை மற்றவர் போட்டால் மோதும்போது சுழலும், பாதுகாக்க வந்த பொருளே கழுத்தைத் திருப்பும். முகக்கம்பியைப் பிடிக்கும் திருகாணிகள் முல்லைத்தீவு உப்புக்காற்றில் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. உள்ளே இருக்கும் பஞ்சு வியர்வையைக் குடித்து வைத்திருக்கும். நிழலில் காயவைக்காவிட்டால் நாறும், நேர் வெயிலில் போட்டால் மொறுமொறுத்து உதிரும். அமெரிக்காவிலேயே பல்கலைக்கழக வீரர்களுக்கு முதலில் தலைக்கவசம் மட்டும், சில நாளில் தோள்கவசம், அதற்கும் பிறகுதான் முழுக் கவசம் என்று வெப்பத்துக்குப் பழக்குகிறார்கள். சித்திரை வெயிலில் கிளிநொச்சியில் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதை நினைத்தாலே வியர்க்கிறது.

பந்துப் பராமரிப்பில் உதைபந்துக்கும் தொல்லை குறைவில்லை. 5ஆம் இலக்கப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். கிறவல் நிலம் மேல்தோலை உரசி உரசித் தையலை வெளியே கொண்டுவரும், தையல் தெரிந்த பந்து மாரியில் தண்ணீர் குடித்துக் கனக்கும். நெருஞ்சி முள் கைத்தையல் பந்தைப் பெரும்பாலும் தையல் வழியாகத்தான் குத்தும். ஊசியை நனைக்காமல் வால்வுக்குள் செருகுவதுதான் பிளாடர் கிழியப் பொதுவான காரணம். நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீரோ எச்சிலோ போதும். மதியத்துக்கு முன் 11 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்து வெயிலில் விட்டால், 20 பாகை சூடேறும்போது ஒன்றரைக்கு மேல் கூடிவிடும், கல்லுமாதிரித் துள்ளும். ஆகவே ஆடுவதற்குச் சற்று முன் காற்றடிப்பதே நல்லது.

அமெரிக்கப் பந்துக்கு 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ. அதில் கொஞ்சம் குறைந்ததற்காக 2015 ஜனவரியில் நியூ இங்கிலண்ட் பேட்ரியட்ஸ் அணி மீது பெரிய வழக்காடலே நடந்து, அதன் குவாட்டர்பேக் டொம் பிரேடி 2016இல் தடைபெற்று 4 போட்டி வெளியே இருந்தார். காற்றுக் குறைந்த பந்தை ஈரக் கையால் இறுகப் பிடிக்கலாம் என்பதுதான் விடயம். எங்கள் ஊரில் காற்றுக் குறைந்த பந்துக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை, பம்ப் தேடி ஆள் போகும்.

காயத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு அருகதையில்லை. தலை மோதல் அமெரிக்க ஆட்டத்தின் பெரிய சுமை என்பது தெரிந்தது. தலையால் முட்டும் உதைபந்தாட்டமும் தப்பவில்லை, 10 வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகள் தலையால் அடிப்பதை அமெரிக்க உதைபந்துச் சம்மேளனம் 2015இல் தடைசெய்தது. இரண்டும் ஒன்றிடம் ஒன்று கற்றும் இருக்கின்றன. பந்தைக் கால்விரல் நுனியால் நேரே உதைத்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்கு, உள்பாதத்தால் வளைத்து உதைக்கும் முறையைத் தொழில்முறை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் 1964இல் பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்த, ஹங்கேரியில் பிறந்த பீற் கோகோலக்.

என் தீர்ப்பைக் கொஞ்சம் அசைக்கக்கூடியது ஃபிளாக் ஃபுட்போல். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அது முதல் தடவையாக இடம்பெறுகிறது. கவசமில்லை, மோதல் இல்லை, பக்கத்துக்கு 5 பேர். இடுப்பில் தொங்கும் நாடாவை உருவினால் ஆள் பிடிபட்டார். மைதானம் 50 யார் நீளம், 25 யார் அகலம், இரு முனையிலும் 10 யார் எல்லைப் பெட்டி. 4 முயற்சிக்குள் நடுக்கோட்டைக் கடக்கவேண்டும், கடந்தால் இன்னும் 4. முக்கியமான கோடுகளைக் கூட்டினால் 250 மீற்றருக்குள் அடங்கும், உதைபந்து மைதானத்தின் பாதிகூட இல்லை. கிளித்தட்டுக் கால் உள்ள பிள்ளைகள் இதில் சும்மா இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்புத்தான்.

பெட்டிக்குள் வந்த அந்த நீள்வட்டப் பந்தை வைத்து ஒரு பின்னேரம் ஆடிப்பார்ப்பதென்றால் நாடாவுக்குப் பழைய சாரத்தைக் கிழிக்கலாம். இரண்டு விரல் அகலம், முழங்கைநீளம், ஆளுக்கு இரண்டு, இரண்டு இடுப்புப் பக்கமும் காற்சட்டை விளிம்புக்குள் நாலு விரல் அளவு செருகினால் போதும். முடிச்சுப் போடக்கூடாது. முடிச்சுப் போட்டால் இழுப்பவரின் கையோடு காற்சட்டையும் போகும்.