எல்லையோர வாசகசாலையில் ரோமியோவும் அம்பிகாபதியும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய வாசகசாலை, ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் திரை வடிவங்களையும் அதையொத்த காதல் படங்களையும் ஞாயிறுதோறும் மாலையில் காட்டி, படம் முடிந்ததும் கலந்துரையாடலும் நடத்தி வருகிறது. உறுப்பினர்களுக்குக் கட்டணம் இல்லை. இளவயதுக் காதலின் பித்தையும் அவசரத்தையும் இவ்வளவு பொறுப்போடு பேசும் ஏற்பாட்டை இந்த எல்லையோர ஊர்களில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலில் பாராட்ட வேண்டியது, நுழையும்போதே கையில் கொடுக்கும் தமிழ்ச் சுருக்கத்தை. ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே அது நடக்கும் கிழமையை ஓரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நாடகத்துக்கு மூலமாக ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய கவிதையில் பல மாதங்கள் நீளும் கதையை, ஷேக்ஸ்பியர் ஞாயிறு முதல் வியாழன் வரைக்குள் அடக்கிவிட்டார் என்பது அந்த ஓரக்குறிப்புகளைப் பார்த்ததுமே விளங்கிவிடுகிறது. காலையில் ரோசலின் என்ற வேறொரு பெண்ணை நினைத்து உருகும் ரோமியோ, இரவில் ஜூலியட்டிடம் மனத்தைப் பறிகொடுத்து, மறுநாளே அவளை மணந்துகொள்கிறான். அவளுக்கோ பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் பெரியவர்களும் சளைத்தவர்கள் அல்லர். மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் போகட்டும் என்ற தந்தை, பிறகு வியாழக்கிழமையே திருமணம் என்று நாள் குறித்து, அதையும் புதன்கிழமைக்கு முன்தள்ளுகிறார். ஜூலியட்டை மருந்தால் இறந்தவள்போல் கிடத்தி ரோமியோவிடம் சேர்க்க நினைத்த பாதிரியாரின் திட்டத்துக்கு இருந்த கொஞ்ச அவகாசமும் அதனால் பறிபோகிறது. சிறிசுகளின் அவசரபுத்தியை மட்டுமே குறைசொல்லிப் பழகிய நமக்கு இது உறைக்க வேண்டும்.

திரையிட்டவற்றில் 1996ஆம் ஆண்டுப் படமே அரங்கை உலுக்கியது. நாடகத்தில் ரோமியோ இறந்த பிறகுதான் ஜூலியட் விழிக்கிறாள். இதிலோ, அவள் கண்விழித்து அவன் கன்னத்தைத் தொடவும் அவன் நஞ்சை விழுங்கவும் சரியாக இருக்கிறது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, "ஐயோ, அவளைப் பாரடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே 1957ஆம் ஆண்டு 'அம்பிகாபதி'யை வைத்தது அமைப்பாளர்களின் மிகச் சிறந்த முடிவு. சிற்றின்பம் கலவாமல் நூறு பாடல்கள் பாடினால் கவிஞன் அம்பிகாபதி உயிர் பிழைக்கலாம் என்ற நிலையில், அவன் காதலியான சோழ இளவரசி அமராவதி காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்துவிட்டு, தொண்ணூற்றொன்பது முடிந்ததுமே ஆவல் தாங்காமல் எட்டிப் பார்க்கிறாள்; நூறு நிறைவேறாமல் அவன் உயிர் போகிறது. ரோமியோவின் வெரோனா நகரில் ஒரு நொடி, சோழநாட்டில் ஒரு பாட்டு! இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கவுரை தேவைப்படவில்லை.

பாலசந்தரின் 'மரோ சரித்ரா' (1978) பட்டியலில் இல்லாதது பெரும் குறை. ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்தத் தமிழ் இளைஞனும் தெலுங்குப் பெண்ணும் ஏற்கிறார்கள். அவ்வளவு காத்திருந்தும் அவர்கள் சாகிறார்கள். அவசரம்தான் காரணம் என்று அடித்துப் பேசியவர்களை, என்னையும் சேர்த்து, அந்தப் படம் மறுபடி யோசிக்க வைத்திருக்கும்.

ஒலியமைப்பு பரவாயில்லை; நாற்காலிகள் போதவில்லை. ஆங்கிலப் படங்களுக்கு மலையாளத்தில் மட்டும் வசனவரி ஓடுவதுதான் உண்மையான சிரமம். இங்குள்ள தமிழர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள் என்றாலும், அந்த வேகத்தில் படிக்க எல்லோராலும் முடிவதில்லை. கலந்துரையாடல் சூடுபிடிக்கும் நேரத்தில் பொள்ளாச்சிக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பாதிப்பேர் எழுந்துவிடுகிறார்கள். அரைமணி நேரம் முன்னதாகத் தொடங்கினால் அவர்களும் இருந்து பேசலாம்.