பனி இருக்கிறதா, பனி தாங்குமா?

கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவின் கரையில் இருக்கும் ஊர் பாண்ட் இன்லெட். இன்யூட் மக்கள் தங்கள் மொழியில் அதை மிட்டிமாதாலிக் என்பார்கள். மே, ஜூன் மாதங்களில் அவர்கள் உறைந்த கடல்மேலேயே ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டி ஓட்டி, பனி முடிந்து தண்ணீர் தொடங்கும் விளிம்புவரை வேட்டைக்குப் போவார்கள். பனி உருகியபின் அதே வழியில் கப்பல் வரும். பனி எப்படி என்று இரு தரப்பும் கேட்கிறார்கள். கப்பல்காரர் தேடுவது பனி இல்லாத வழியை. வேட்டைக்காரருக்கோ தன்னைத் தாங்கும் பனி வேண்டும். இதைத் தள்ளிவிட்டு, பனியை அறியும் கருவிகளில் எது உசத்தி என்று பட்டிமன்றம் நடத்துவது வீண்.

செய்திகளில் நாம் பார்க்கும் ஆர்க்டிக் வரைபடங்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் நுண்ணலைக் கருவிகள் தருபவை. 1978 முதல் தொடரும் பதிவு இது. மேகமோ துருவத்தின் நீண்ட இருட்டோ இதற்குத் தடையில்லை. 2012 செப்டம்பரில் பனிப்பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியதைச் சொன்னதும் இதுதான். ஆனால் அந்த வரைபடத்தில் வழக்கமான கட்டம் ஒன்று 25 கிலோமீட்டர் அகலம். அந்தக் கட்டத்துக்குள் ஒரு விரிகுடாவே அடங்கிவிடும். கரையோரத்தில் நிலம் வெளிவிடும் நுண்ணலையும் கலந்துவிடும். கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரைத் திறந்த கடல் என்று எண்ணிக்கொள்ளும். நாளைக் காலை கிளம்புகிறவர் இதை நம்பிப் போக முடியாது.

ராடார் படங்கள் வேறு ரகம். 2014 முதல் ஏவப்பட்டுவரும் சென்டினல்-1 வகைச் செயற்கைக்கோள்கள் தாமே அலையை அனுப்பித் திரும்பப் பெறுகின்றன. கடற்பனிக்கான அகலப் படத்தில் ஒரு புள்ளி 40 மீட்டர். பெரிய வெடிப்புகள் தெரியும். சிக்கல் என்னவென்றால், காற்றில் கொந்தளிக்கும் தண்ணீரும் கரடுமுரடான பனியும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம். பழகிய கண் வேண்டும்.

அந்தக் கண் இருக்கும் இடம் கனடிய பனிச் சேவை. நிபுணர்கள் படங்களைப் பார்த்து எல்லை போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் முட்டை வடிவக் குறியீடு ஒன்றை இடுகிறார்கள். பரப்பில் பத்தில் எத்தனை பங்கு பனி, அது எந்தப் பருவத்துப் பனி, துண்டுகள் எவ்வளவு பெரியவை எல்லாம் அதற்குள் இருக்கும். கப்பலுக்கு என் ஓட்டு இதற்கே. ஆனால் முட்டைக்குள் பத்துக்குப் பத்து என்று எழுதியிருந்தாலும், அடியில் ஓடும் நீரோட்டம் அரித்து மெலிந்த ஓர் இடம் அந்தப் பகுதிக்குள் ஒளிந்திருக்கலாம்.

தடிமனை வானிலிருந்தே அளக்கவும் முயற்சி உண்டு. கிரையோசாட்-2 என்னும் செயற்கைக்கோள் தண்ணீருக்கு மேலே தெரியும் பனியின் உயரத்தை அளக்கிறது. தெரிவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அளவில் வரும் பிழையும் பத்து மடங்காகப் பெருகும்.

இங்கேதான் ஸ்மார்ட்ஐஸ் வருகிறது. கனடாவின் லாப்ரடாரில், நுனாட்சியாவுட் பகுதியில் 2009-10 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்தது. பழகிய பாதைகளே கைவிட்டன. அதன்பின் பிறந்த ஏற்பாடு இது. பனிக்குள் நட்டுவைக்கும் மிதவை அந்த ஒரு புள்ளியை விடாமல் கவனிக்கும். இன்னொன்று, ஸ்னோமொபைல் இழுக்கும் சறுக்குவண்டியில் ஏற்றிய மின்காந்தக் கருவி. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், பனி அநேகமாகக் கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்துக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் என்று கண்டுபிடிக்கிறது. மேலே படிந்த வெண்பனியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. வண்டி போகாத இடத்தைப் பற்றி அது வாயே திறக்காது. ஆனாலும் வேட்டைக்காரருக்கு இதைத்தான் சொல்வேன்: எங்கே அளக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அந்தப் பனியிலேயே வளர்ந்தவர்.

2021இல் வெளிவந்த ஐஸ்நெட் என்னும் செயற்கை நுண்ணறிவு ஆறு மாதம் முன்பே கணிக்கிறது. அதுவும் 25 கிலோமீட்டர் கட்டம், மாதச் சராசரி. கப்பல் நிறுவனம் பருவத்தைத் திட்டமிடலாம். அதைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம்.

சனிகிலுவாக் என்ற ஊரில் வேர்கொண்ட அமைப்பு ஒன்று 2019இல் கொண்டுவந்த செயலியின் பெயர் சிக்கு. இன்யூட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் கடற்பனி என்று பொருள். வேட்டைக்காரர் தன் மொழியிலேயே ஆபத்தான இடத்தைக் குறித்து வைக்கலாம். அதே கைபேசித் திரையில் சென்டினல் படத்தையும் விரித்துப் பார்க்கலாம்.