செய்து காட்டுவதா, பழுதைக் கையில் கொடுப்பதா?

எலெக்ட்ரிகல் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். பல வருடம் போர்டில் படம் போட்டு, மேசையில் செய்து காட்டி, அப்புறம்தான் மாணவர்களைத் தொடவிட்டேன். இப்போது பாதி வகுப்புகள் தலைகீழ்: ஓடாத ஃபேன் முதலில், பாடம் பிறகு.

செய்து காட்டுவதில் நேரம் கணக்காக முடியும், எல்லோருக்கும் ஒரே முறை போய்ச் சேரும். புதியவர் தலையில் ஒரேயடியாக ஏற்றினால் எதுவும் நிற்காது, தீர்த்துக் காட்டிய கணக்குதான் முதலில் உதவும் என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் சொல்வதும் இந்தப் பக்கம்தான். சரி, மறுக்கவில்லை.

என்னை மாற்றியது சும்மா நிற்கும் கைகள். இருபது பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றால், முன்னால் நிற்கும் ஐந்து பேருக்குத்தான் என் விரல் தெரியும். மற்றவர்கள் என் முதுகைப் பார்க்கிறார்கள். செய்து பார்த்தே படிக்கிற பிள்ளையை அந்தக் கால் மணி நேரத்தில் இழந்தால், பிறகு பிடிப்பது கஷ்டம்.

பழுது வழியில் இரண்டு பேருக்கு ஒரு ஃபேன். இறக்கையைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி, செத்த கப்பாசிட்டரை (சார்ஜைத் தேக்கிவைக்கும் சின்ன பாகம்) போட்டு வைப்பேன். சுவிட்சைத் தட்டினால் உறுமும், சுற்றாது. யாராவது ஒருவர் ஃபேனின் உடம்பைக் கையால் தள்ளிவிடுவார், ஓடும். நிறுத்தி, எதிர்ப்பக்கம் தள்ளினால் அந்தப் பக்கமும் ஓடும். “சார், எந்தப் பக்கம் சுத்தணும்னு இதுக்கே தெரியலையா?” அந்தக் கேள்விதான் அன்றைய பாடம். ஒரு வைண்டிங்கின், அதாவது கம்பிச்சுருளின், காந்தப்புலம் நின்ற இடத்தில் துடிக்கும், அவ்வளவுதான். கப்பாசிட்டர் இரண்டாவது வைண்டிங்கின் மின்னோட்டத்தை முன்தள்ளினால்தான் புலம் சுழலும். இதையே படம் போட்டு முதலில் சொன்ன நாட்களில் யாரும் எதுவும் கேட்டதில்லை.

முதலில் திணறவிட்டுப் பிறகு சொல்லித்தருவதை மனு கபூர் என்ற கல்வி ஆய்வாளர் ஆராய்ந்து, கருத்து ஆழமாகப் பதிவதாகக் காட்டியிருக்கிறார். அவை பெரும்பாலும் கணக்கு, இயற்பியல் வகுப்புகள்; பட்டறைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

வேலை என்னவோ இரட்டிப்பு. முந்தின நாளே பழுது வைக்க வேண்டும், முடிந்ததும் சரிசெய்ய வேண்டும். ஸ்க்ரூ தலையில் புதுக் கீறல் இருந்தால் பழுது அங்கேதான் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், திருட்டுப் பசங்க.

வெல்டிங், லேத் நான் எடுத்ததில்லை. எடுத்தால், அங்கே தவறினால் காயம் என்பதால், செய்து காட்டித்தான் தொடங்குவேன். என் வகுப்பிலும் கப்பாசிட்டரில் தங்கிய சார்ஜை இறக்குவதை மட்டும் யாரிடமும் விடுவதில்லை. ஐந்து ஐந்து பேராக முன்னால் கூப்பிட்டு, நானே செய்து காட்டுகிறேன்.