கழுத்திலிருந்து ஏறும் தலையிடி: கைச்சிகிச்சையோடு ஒரு வருடத்துக்கு மேல்

தலையிடிக்குக் கழுத்தில் வைத்தியம் என்றால் எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் இன்னும் சிரிப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக இந்தச் சிகிச்சையோடு இருக்கிறேன், பலன் உண்டு. அதில் பெரிய பங்கு யாருக்குமே பிடிக்காத ஒரு சின்னப் பயிற்சிக்குத்தான் போக வேண்டும்.

திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு தையல் வேலை எனக்கு. நாள் முழுக்கக் குனிந்த தலை, ஊசியைப் பார்க்க வலப்பக்கம் கொஞ்சம் திரும்பிய கழுத்து. வலி பிடரியில் வலப்பக்கம் தொடங்கி, காதுக்குப் பின்னால் ஏறி, வலக்கண்ணுக்கு மேல் வந்து குந்திக்கொள்ளும். ஒருநாளும் இடப்பக்கம் மாறியதில்லை. சித்தாலேப பூசினேன், பனடோல் போட்டேன். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்தால் போய்விடும் என்று மச்சாள் கூட்டிப் போனாள். சுடுதண்ணீருக்குத் தசை இளகியது உண்மைதான், மறுநாள் மெசினில் இருந்ததும் பழையபடி.

டொக்டர் முதலில் பனடோல் கணக்கைத்தான் கேட்டார். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்காக வலிமாத்திரை போட்டால், மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும் என்றார். பிரஷர், கண் எல்லாம் பார்த்த பிறகே பிசியோதெரபிக்கு எழுதித் தந்தார்.

பிசியோ மிஸ் மல்லாக்கப் படுக்க வைத்து, என் நாடி நெஞ்சைத் தொடுமளவுக்குத் தலையைக் குனித்துப் பிடித்தார். அப்படியே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். குனிந்த நிலையில் கீழ்க்கழுத்து பூட்டிக்கொள்வதால், திரும்புவது பெரும்பாலும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையில்தான். நல்ல கழுத்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 40 முதல் 45 பாகை திரும்பும். எனக்கு இடப்பக்கம் போனது, வலப்பக்கம் பாதிவழியில் முட்டி நின்றது. பிறகு மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே பெருவிரலை வைத்து அழுத்தினார். “கண்ணுக்கு மேல வருதா அக்கா?” என்றார். வந்தது. அதே வலி, அதே இடம். விரலை எடுக்காமல் பிடித்திருக்க, மெல்ல அடங்கியும் போனது. அந்த நிமிடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மேல்கழுத்தின் மூன்று நரம்புகளும், நெற்றி, கண் பக்கத்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் கழுத்துமூட்டின் நோவை மூளை கண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறது. இதற்குக் கழுத்துவழித் தலையிடி (cervicogenic headache) என்று தனிப்பெயர் வைத்து 1983இல் எழுதியவர் நோர்வே நரம்பியல் மருத்துவர் ஒட்டார் சியோஸ்டாட்.

சிகிச்சை என்று பார்த்தால் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறந்த பிள்ளையின் முதுகைத் தட்டும் அளவு மெதுவாக, மூட்டின்மேல் திரும்பத் திரும்ப அழுத்துவார். ‘டக்’ என்று நெட்டி முறிக்கவே இல்லை. சலூனில் முடி வெட்டியபின் தலையைப் பிடித்துத் திருகுவார்களே, என் வீட்டுக்காரருக்கு அது இல்லாமல் தீராது. அப்படித் திடீரென்று திருகுவதில் கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனாலும் முடி வெட்டப் போய் எதற்கு அது?

சிகிச்சை முடிந்து படுக்கையால் எழும்பும்போது கழுத்து எண்ணெய் போட்டதுபோல் இருக்கும். சில நாளில் அது கரைந்துவிடும். நின்று பிடித்தது பயிற்சிதான். மல்லாந்து படுத்து, “ஓம்” என்று சொல்வதற்குத் தலையாட்டுவதுபோல் நாடியை மட்டும் மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். கிளினிக்கில் பிடரிக்குக் கீழே அழுத்தம் காட்டும் முள்ளுள்ள காற்றுப் பையொன்றை 20 mmHg-க்கு ஊதி வைத்து, முள்ளை 22, 24 என்று படிப்படியாக ஏற்றச் சொல்வார்கள். உச்சம் 30. ஒவ்வொரு தடவையும் 10 விநாடி, 10 முறை. கழுத்தின் முன்பக்கத் தசை புடைத்தால் பிழை. செய்து பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு அலுப்பு என்று. இன்னொன்று துவாய்ப் பயிற்சி: துவாயின் ஓரத்தை மண்டையோட்டுக்குக் கீழே மடித்துப் பிடித்து, ஒரு முனையைக் கன்னத்தோடு முன்னுக்கு இழுத்தபடி தலையைத் திருப்புவது. நியூசிலாந்துப் பிசியோ பிரையன் மலிகன் உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. அவர் முறையில் வலி வரவே கூடாது, வந்தால் பிடித்த இடம் பிழை. ஆரம்பத்தில் பிசியோ பார்க்க, அவர் முன்னால் செய்வதே நல்லது.

அவுஸ்திரேலியாவில் பிசியோ ஆய்வாளர் குவென் ஜல் குழுவினர் இந்தத் தலையிடி உள்ள 200 பேரை வைத்து 6 கிழமை சிகிச்சை கொடுத்து, 12 மாதம் வரை பார்த்து 2002இல் எழுதியிருக்கிறார்கள். கைச்சிகிச்சையும் பலன் தந்தது, பயிற்சியும் தந்தது, பலன் நிலைத்தும் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம் பேருக்குச் சுகம் கிடைத்தது. பயிற்சி மட்டும் போட்டாலும் ஓடும் என்றால், காசு யோசிக்கிறவர்களுக்கு இது பெரிய செய்தி.

எல்லாத் தலையிடிக்கும் இது சரிவராது. இடி விழுந்ததுபோல் திடீரென்று வருவது, காய்ச்சலோடு வருவது, விழுந்து அடிபட்ட பின் வருவது, இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்கக் கஷ்டம், தலைசுற்றி விழுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தைத் தொடவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது மெசினுக்குக் கீழே பலகை வைத்து உயர்த்தி, லைற்றை இடப்பக்கம் மாற்றியிருக்கிறேன். பனடோல் பெட்டி மாதக்கணக்கில் கிடக்கிறது. சீருடைக் காலத்தில் இரவிரவாகத் தைத்தால் வலி இன்னும் எட்டிப் பார்க்கும். அப்போது ஒருதரம் மிஸ்ஸிடம் போவேன், மற்றபடி துவாயும் கட்டிலும் போதும்.