மட்டக்களப்பு டவுனில் நாங்கள் போன குழந்தைப்பேறு கிளினிக்

களுவாஞ்சிக்குடியிலிருந்து விடிய 5.30 பஸ்ஸில் போனாலும் 20க்கு மேலேதான் நம்பர் கிடைக்கும், இருக்கக் கதிரையும் போதாது. ஆனால் டொக்டர் நல்லா விளங்கப்படுத்துவார். முட்டை வளர்வதற்கான குளோமிஃபீன் குளிசையை 5 நாள் குடித்துவிட்டு ஸ்கானுக்குப் போனபோது நாலு முட்டை பெரிதாக வளர்ந்திருந்தது. எனக்குச் சந்தோசம், மாமி அதற்குள் ரெட்டைத் தொட்டிலுக்கே கணக்குப் போட்டுவிட்டா. டொக்டர் திரையைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டி, இந்த மாதம் முட்டை வெளிவருவதற்கான ஊசி இல்லை, சேரவும் வேண்டாம் என்றார். மூன்று நாலு கரு தங்கினால் குறைமாதப் பிரசவம், தாய்க்குப் பிரஷர் எல்லாம் வரக்கூடுமாம். அன்றைக்கு அழுதுகொண்டுதான் கல்லடிப் பாலம் தாண்டினேன். அடுத்த மாதம் மருந்தைக் குறைத்தார், ஒரே முட்டை. இப்போது ஐந்து மாதம், ஒற்றைப் பிள்ளைதான். காசு வாங்குகிற இடத்தில் இருக்கும் தங்கச்சி மட்டும் கொஞ்சம் சிரித்தால் நல்லது.