ஸ்பிரிங் அறுத்து இறக்கிய ஸ்விஃப்ட்: செங்கோட்டை - புனலூர் சாலையில் 27 மாதங்கள்

என்னுடையது 2008 மாடல் பெட்ரோல் மாருதி ஸ்விஃப்ட் கார். எனக்கு ஊர் செங்கோட்டை, மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூர். வாரத்துக்கு ஒரு தடவையாவது புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய்வரும் வண்டி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அந்தப் பெரிய இடைவெளி தெரியாமல் தாழ்வாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்தே ஆசை. இதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் செட் விலை கேட்டால் கட்டுப்படியாகவில்லை. ஒரிஜினல் ஸ்பிரிங்கையே அறுத்துப் போட்டேன். கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். 31,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு போன மாதம் பழைய உயரத்துக்கே மாற்றிவிட்டேன்.

முன்னால் ஒரு சுற்று, பின்னால் முக்கால் சுற்று அறுத்தோம். மெக்கானிக் அண்ணாச்சி கேஸ் கட்டிங் நெருப்பு வைத்து அறுக்க மறுத்துவிட்டார். அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். நெருப்பு பட்டால் ஸ்பிரிங் கம்பியின் பதம் போய்விடும், பிறகு அது தானாகவே தொய்யும், ஒடியவும் செய்யும். கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு, நடுவில் நிறுத்தி நிறுத்தி ஆறவிட்டு அறுத்தார். முன் ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணை, பிரிக்கக் கட்டாயம் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசர் வேண்டும். அது இல்லாமல் நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

அறுத்த துண்டை நிறுத்தி அளந்தால் 55 மில்லிமீட்டர். ஆனால் வண்டி இறங்கியது 38 மில்லிமீட்டர்தான். எனக்கு முதலில் புரியவில்லை. வண்டி எடையில் ஒவ்வொரு சுற்றும் ஏற்கெனவே கொஞ்சம் அமுங்கித்தான் நிற்கிறது. அந்த அமுங்கிய உயரம்தான் குறையும், சும்மா இருக்கும்போது உள்ள உயரம் அல்ல. அப்புறம் இன்னொன்று: சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும்.

முதல் நாலைந்து மாதம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. புளியரை வளைவுகளில் வண்டி சாயாமல் திரும்பும். பிரேக் பிடித்தால் மூக்கு அவ்வளவாகக் குத்தாது. நான் தனியாக, நல்ல சாலையில் ஓட்டும்வரை குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

நாலு பேர் ஏறியதும் கதை மாறியது. எல்லோரும் விறைப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள், உண்மையான இழப்பு அதில் இல்லை. சக்கரம் மேலே ஏற மீதி இருக்கும் இடம்தான் போகிறது. முன்பு பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கி வாங்கிக்கொள்ளும். இப்போது பாதியிலேயே பம்ப் ஸ்டாப்பில், அதாவது கடைசித் தடுப்பாக வைத்திருக்கும் கட்டையில், போய் இடிக்கும். அந்த இடி நேராக முதுகெலும்புக்கு வரும். அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு. தென்மலை தாண்டியதும் முன் சீட்டின் பின்புறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு கட்டத்தில் புனலூருக்குப் பஸ்ஸிலேயே வருகிறேன் என்றார். அதைக் கேட்ட அன்றைக்கு மனசு மிகவும் கனத்துப்போனது.

ஸ்பீடு பிரேக்கர், கேரளப் பக்கம் ஹம்ப் என்பார்கள், அது தனித் தொல்லை. இந்தியச் சாலை காங்கிரஸ் விதிப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த தரை இடைவெளி 170 மில்லிமீட்டர், எனக்கு மீதி 132. விதிப்படி போட்ட ஹம்ப்பில் மெதுவாகத் தாண்டிவிடலாம். ஊருக்குள் செங்குத்தாகப் போட்டு வைத்திருப்பதில் ஆள் ஏறிய வண்டி உரசாமல் போகாது. சைலன்சர் பைப் இரண்டு முறை நசுங்கியது. ஆயில் சேம்பரில் ஒரு கீறல்.

14-ஆவது மாதம் முன் ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. அது பழைய நீளத்துக்கும் விறைப்புக்கும் செய்த ஷாக், பாவம் எத்தனை நாள் தாங்கும். முன் டயர்களில் வெளிப்பக்கம் பட்டன் நிறைய இருக்க, உள்பக்கம் மொட்டையாகிவிட்டது. வண்டி இறங்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டோ கோணமும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பி நிற்கும் கோணமும், மாறும். இந்த வண்டியில் டோவை மட்டும்தான் சரிசெய்ய முடியும், சாய்வைத் திருத்த வழி வைக்கவில்லை. அலைன்மென்ட் பார்த்தும் பாதிதான் பலன்.

முடிவெடுக்க வைத்தது ஒரு பஞ்சர். ஆடி மழையில், கழுதுருட்டி பதிமூன்று கண் ரயில் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பின் டயர் போனது. ஜாக்கி ஏற்றினேன். சக்கரம் தொங்கியதும் பின் ஸ்பிரிங், மேலே அது பதிந்து உட்காரும் இடத்தை விட்டு விலகி லொடலொடவென்று ஆடியது, கையால் திருப்ப முடிந்தது. நீளம் குறைந்ததால் வந்த வினை. ஓடும்போது சக்கரம் ஒரு பள்ளத்தில் முழுதாகத் தொங்கி, திரும்ப ஏறும்போது ஸ்பிரிங் இடம் மாறி உட்கார்ந்தால்? பக்கத்திலேயே பள்ளத்தாக்கு. மழையில் நின்றபடி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் உண்டு.

ஷாக், இரண்டு டயர், கடைசியில் நாலு புது ஒரிஜினல் ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப், கூலி எல்லாம் கூட்டினால் 22,000 தாண்டிவிட்டது. இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் காசு சேர்த்து, அதே வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக்கும் சேர்த்தே வாங்குங்கள், அனுமதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அறுக்க நான் சொல்ல மாட்டேன், அரைச் சுற்றுகூட.

அறுத்த ஸ்பிரிங்குகளை 1,000 ரூபாய்க்கு ஒரு பையன் கேட்டான். கொடுக்கவில்லை. யாரும் திரும்ப மாட்ட முடியாதபடி நாலையும் நடுவில் துண்டாக்கி, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன்.