மங்கிய மண்டபத்தில் கைகொடுப்பது எது: பிரைமா, ஜூமா, ஃபிளாஷா?

திருமண வரவேற்பில் கூட்டம் களைகட்டும் நேரம் பார்த்து விளக்கை மங்கவைப்பார்கள். படம் எடுப்பவருக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும். இருக்கும் வழிகள் மூன்று: எஃப் 1.4 பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்), எஃப் 2.8 ஜூம், ஃபிளாஷ். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்.

கணக்குப்படி பிரைம்தான் ராஜா. எஃப் 2.8-ஐவிட எஃப் 1.4 இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூடுதல், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். ஜூமில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400 கேட்கும் காட்சி பிரைமில் 1600-லேயே அடங்கிவிடும். ஆனால் 85 மி.மீ. பிரைமை முழுக்கத் திறந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், ஃபோகஸில் நிற்கும் ஆழம் நாலைந்து சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளை அரை அடி பின்னால் நின்றாலே போச்சு. மணப்பெண்ணின் இமைமுடியை எண்ணலாம், மாப்பிள்ளை முகமோ பஞ்சுப்பொதி. இருவரும் தெளிவாக வேண்டுமென்று எஃப் 5.6-க்கு மூடினால், காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம் போன இடம் தெரியாது. பேச்சைக் கேட்டுக் கண்கலங்கும் ஒற்றை முகம் என்றால் பிரைமுக்கு நிகரில்லை.

ஜூமின் பலம் வேகம். கூட்டத்தில் நகர வழியில்லாதபோது 24 மி.மீ. அகலக் காட்சியிலிருந்து 70 மி.மீ. நெருக்கத்துக்குப் போக மணிக்கட்டு திரும்பினால் போதும். நாய்ஸுக்கு, அதாவது ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் தெரியும் புள்ளிகளுக்குப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். நாய்ஸைப் பிறகு குறைக்கலாம், ஆட்டத்தில் கலங்கிப்போன முகத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். ஆடுபவரை நிறுத்த 1/200 நொடி ஷட்டராவது வேண்டும்.

சரி, மேடையில் ஊதா எல்இடி எரிந்தால்? கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கன்னம் பிளாஸ்டிக் பொம்மைபோல வழவழவென்று, தோலின் நயம் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். கேமரா சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்துப் பதிவதில் பச்சை சேனலில் ஏறக்குறைய எதுவும் பதிவாகியிருக்காது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக இருந்தாலும் இல்லாததை எங்கிருந்து மீட்பது? நான்கு மடங்கு வெளிச்சம் பிடிக்கும் லென்ஸ் நான்கு மடங்கு ஊதாவைத்தான் பிடிக்கும்.

ஃபிளாஷோ தன் வெள்ளை வெளிச்சத்தைக் கையோடு கொண்டுவரும். அதனால்தான் ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால் நான் ஃபிளாஷைச் சொல்வேன். முகத்துக்கு நேரே அடித்தால் அடையாள அட்டைப் படம்தான் வரும். தலையைத் திருப்பி வெள்ளைக் கூரையிலோ பின்சுவரிலோ பட்டுத் திரும்பவிட்டால், ஜன்னல் வெளிச்சம்போல மெதுவாக விழும். பலர் 1/200-இல் எடுத்துவிட்டு, பின்னணி கிணறுபோல இருட்டிவிட்டது என்று ஃபிளாஷைத் திட்டுவார்கள். 1/30-க்கு இறக்கிப் பாருங்கள். மண்டப விளக்குகள் பின்னணியில் உயிர்பெறும். ஃபிளாஷின் நொடிப்பொழுது மின்னல் முகத்தை உறையவைத்துவிடும். மண்டப விளக்கு மஞ்சள் என்றால் ஃபிளாஷ்மேல் ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முகம் ஒரு நிறம், சுவர் ஒரு நிறம்.

பச்சைச் சுவரில் அடித்தால் முகமும் பச்சைதான். கூரை கறுப்பாகவோ எட்டாத உயரத்திலோ இருந்தால் பவுன்ஸ் (இப்படிப் பட்டுத் திரும்பவிடுவது) எடுபடாது. ஃபிளாஷை மூலையில் ஸ்டாண்டில் நிறுத்தி கேமராவில் மாட்டும் ரிமோட் டிரிகரில் இயக்க வேண்டும். பேச்சு நடக்கும்போது பளிச் பளிச்சென்று அடித்தால் எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரத்துக்கு 35 மி.மீ. பிரைம். ஃபிளாஷுக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான்.

அப்புறம் ஒன்று. சத்தம் வேண்டாமென்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால், சில எல்இடி விளக்குகளின்கீழ் படமெங்கும் வரிவரியாகப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே இருங்கள். பட்டை அப்போதும் தெரிந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/125 வைத்துப் பாருங்கள்.